ஆடுகிறவரின் முகத்தை அச்சிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடியதற்காக ஈரானில் பெண்கள் கைதாகும் செய்தி வரும்போதெல்லாம், அவர்கள் ஆடிய வீடியோவிலிருந்து ஒரு காட்சியை வெட்டி, முகம் பளிச்சென்று தெரியும்படி நம் நாளிதழ்கள் அச்சிடுகின்றன. 22 ஆண்டுகளாக நடனத்தைப் படமெடுத்து வருகிறவள் நான். அதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

1979 புரட்சிக்குப் பின் அங்கே பெண்கள் பொது இடத்தில் ஆடத் தடை. 1958இல் தொடங்கிய தேசிய பாலே குழுவும் அப்போது கலைக்கப்பட்டது. மேடையில் 'நடனம்' என்ற சொல்லையே தவிர்த்து, 'சீரான அசைவுகள்' என்று பொருள்படும் பாரசீகத் தொடரால் அதைக் குறிப்பிடுகிறார்கள். 2014இல் தெஹ்ரானில் ஒரு பாட்டுக்கு ஆடி வீடியோ வெளியிட்ட இளைஞர்களுக்குச் சிறையும் 91 கசையடியும் விதித்து, பிறகு நிறுத்திவைத்தார்கள். 2018இல், தன் அறையில் ஆடிய இளம்பெண் ஒருவரை அரசுத் தொலைக்காட்சியில் உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். 2023 ஜனவரியில், தெஹ்ரானின் ஆசாதி கோபுரத்தின் முன் ஆடிய ஜோடிக்குப் பல ஆண்டுச் சிறை. ஒவ்வொரு முறையும் சாட்சியாக நின்றது படம்தான்.

அவர்களே வெளியிட்டதுதானே என்று கேட்கலாம். ஆமாம், அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் நாளை ஒருவர் பயந்துபோய்த் தன் பக்கத்திலிருந்து அதை அழித்தாலும், நாம் அச்சிட்டது அழியாது.

முகம் இல்லாமல் நடனப் படமா என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். ஒரு பெண் வந்தார். ஏழு வயதில் சலங்கை கட்டியவர், திருமணத்தோடு நிறுத்தப்பட்டவர். பரதநாட்டியத்தின் நீண்ட உருப்படியான வர்ணம் ஒன்றைப் படமாக எடுத்துத் தர வேண்டும், முகம் மட்டும் தெரியக் கூடாது என்றார். (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) ஜன்னலுக்கு எதிரே நிற்க வைத்து, வெளி வெளிச்சத்துக்கு அளவு வைத்தேன். உருவம் கறுத்து, முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியின் கோணம் மட்டும் கத்தரித்ததுபோல் விழுந்தது. தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதிக்கு ஷட்டர் வேகத்தை 1/15 நொடிக்கு இறக்கினேன். தரையில் ஊன்றிய பாதம் கூர்மையாக நின்றது. முகமும் கையும் புகைபோல் கலைந்தன. பிறகு, வர்ணத்தில் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் நாயகி. முதுகுப் பக்கமிருந்து எடுத்தேன். யாரும் வரவில்லை என்று தெரிந்த நொடியில் இடது தோள் விரற்கடை அளவு இறங்கியது. கண்ணில்தான் அபிநயம் என்று நம்பி எத்தனை ஆண்டுகள் முதுகைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன்!

படங்கள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் இருந்ததை அழித்தேன். அவர் கேட்டது அது.

நம் பழைய படங்களைப் பார்க்கும்போது வேறொரு வலி. 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடித் தகடுகளில் தேவதாசிப் பெண்கள் சிலைபோல் நிற்கிறார்கள். தகடு ஒளியை வாங்க நேரம் எடுத்ததால் ஆட்டத்தைப் பிடிக்க வழியில்லை. முகம் தெளிவாக இருக்கிறது. பெயர் பெரும்பாலும் இல்லை, 'நாட்ச் கேர்ள்' (ஆட்டக்காரி) என்று ஒரு குறிப்பு மட்டும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்த 1947 சென்னை மாகாணச் சட்டம் கோயிலில் ஆடுவதையும் தடுத்தபின், பலருடைய ஆட்டத்துக்கு மிஞ்சியது அந்த ஆடாத படம்தான். பெயரைப் போடலாமா என்று யார் அவர்களிடம் கேட்டிருப்பார்கள்?

அதனால்தான் கேட்கிறேன். தடை உள்ள இடத்திலிருந்து வரும் நடனப் படத்தை அச்சிடும் முன், ஆடியவரின் விருப்பத்தை அறிய முயலுங்கள். முடியாவிட்டால் பாதத்தையோ நிழலையோ போடுங்கள். முகமும் பெயரும் வேண்டும் என்று அவரே சொன்னால் இரண்டையும் பெரிதாகப் போடுங்கள். கைப்பேசிப் படத்தின் கோப்பில் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். இணையப் பதிப்பில் ஏற்றுகிறவர்களிடம் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நடனப் புகைப்படக் கலைஞர் ஒருவர்