சுண்ணாம்புத் தொட்டிக்கு வேண்டாம், குமரா

காட்பாடி
மே 12

அன்புள்ள குமரா,

ராணிப்பேட்டையிலிருந்து நீ அனுப்பிய பொட்டலம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் செல்வி சொன்னாள். சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல்.

சூடேற்றினால் தன் விரிசலைத் தானே ஒட்டிக்கொள்ளும்படி நீ வார்த்த இரண்டு எபாக்ஸித் தட்டுக்கு வருகிறேன். ஒன்றில் விரிசல் ஒட்டிக்கொண்டது, இன்னொன்றில் ஒட்டவே இல்லை, ஓவன்தான் சரியில்லை என்று எழுதியிருந்தாய். ஓவனை விட்டுவிடு. நீ அனுப்பிய குறிப்புத் தாளில் இரண்டாவது தட்டுக்கு "100-க்கு 15.5 பிசிஎல்" என்று இருக்கிறது, பிசிஎல் என்றால் விரிசலை ஒட்டவைக்க நாம் சேர்க்கும் பாலிகாப்ரோலாக்டோன் பிளாஸ்டிக். ராமலிங்கம் சார் இருந்திருந்தால் "எந்த நூத்துக்குடா?" என்று மேசையைத் தட்டியிருப்பார். நீ எபாக்ஸிப் பிசினின் நூறுக்குப் போட்டிருக்கிறாய். அது பிசினை இறுகவைக்கும் ஹார்டனரும் சேர்ந்த மொத்தத்துக்கான விகிதம்.

கணக்கைப் பார். எபாக்ஸி சமான எடை (வினைபுரியும் ஒரு தொகுதிக்கு வரும் எடை) 186 உள்ள பிசின் 100 கிராம் எடுத்தால், டிடிஎஸ் ஹார்டனரின் சமான எடை 62 என்பதால் அது 33.3 கிராம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 133.3. முழுக் கலவையில் பிசிஎல் 15.5 சதவீதமாக இருக்க 24.5 கிராம் போட வேண்டும். நீ போட்டது 15.5 கிராம், அதாவது 10.4 சதவீதம்தான். ஐந்து சதவீதம் குறைந்தால் ஒட்டும் திறனும் கொஞ்சம் குறையும் என்று நினைக்காதே. உள்ளே இருக்கும் அமைப்பே வேறாகிவிடும்.

சூடான பிசினில் பிசிஎல் கரைந்து கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். இறுக இறுக எபாக்ஸியின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நீண்டு பிசிஎல்லை வெளியே தள்ளும், அப்போதுதான் கலவை வெளுக்கும். பிசிஎல் குறைவாக இருந்தால் அது தனித்தனித் துளியாக எபாக்ஸிக்குள் அடைபட்டுப் போகும். 15.5 பக்கம் போனால் தலைகீழாகும். எபாக்ஸி ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டைகளாக நிற்கும், அவற்றின் இடுக்கெல்லாம் பிசிஎல் தொடர்ச்சியாக ஓடும். கருங்கல் சுவரில் கல் எபாக்ஸி, காரை பிசிஎல் என்று வைத்துக்கொள். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மேதர் குழுவினர் காட்டியது இந்த அமைப்பைத்தான்.

இது ஏன் பழுதை ஆற்றுகிறது? பிசிஎல் 60 டிகிரி வாக்கில் உருகும். உருகியபின் அது விரியும் அளவுக்கு எபாக்ஸி விரியாது. கூண்டு மாதிரி எபாக்ஸி சுற்றிப் பிடித்திருக்க, விரிந்த திரவத்துக்கு வெளியேற ஒரே வழி விரிசலின் முகம். அங்கே கசிந்து இரண்டு முகத்தையும் நனைத்து, ஆறும்போது படிகமாகி ஒட்டுகிறது. துளி அமைப்பிலும் கசியும், ஆனால் விரிசல் வெட்டிய துளிகள் மட்டும், அதுவும் புள்ளி புள்ளியாக. பின்னாலிருந்து வந்து நிரப்ப வழி கிடையாது. உருகுநிலை 60தானே என்று 80-இல் நிறுத்தினாலும் போதாது. சூடு ஏற ஏறத்தான் விரிவு கூடும், உருகிய கூழின் பிசுக்கும் தளரும். மேதர் குழுவினர் 190 டிகிரி வரை போனதற்குக் காரணம் அது.

மறுபடி வார்ப்பதானால், பிசிஎல்லை 40 டிகிரிக்கு மேல் உலர்த்தாதே, வெற்றிட ஓவனில் ஓர் இரவு போதும். போன தடவை மாதிரி 80-இல் வைத்தால் கட்டியாகிவிடும். பிசினை 120-க்குக் கொண்டுபோய் பிசிஎல்லைக் கரை, அவசரப்படாதே. 130-இல் டிடிஎஸ் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டு, ஒரு துகள்கூடக் கண்ணில் படாத நிலை வரும்வரை கலக்கு. கரையாமல் நிற்கும் ஹார்டனர் விகிதத்தைக் கெடுக்கும். கண்ணாடிக் குச்சியில் ஒட்டிய பிசிஎல்லையும் வழித்துப் போடு, 24.5-இல் குறைந்தால் அமைப்பு மாறும் எல்லைப் பக்கம் வந்துவிடுவாய். காற்றை இழுத்துவிட்டு, முன்பே சூடேற்றிய மோல்டில் ஊற்றி 180-இல் 3 மணி நேரம். மோல்டில் ஒட்டாமலிருக்க அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே விரிசல் முகத்தில் பட்டால் எதுவும் ஒட்டாது. விரலும் படக்கூடாது.

மைக்ரோஸ்கோப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மெல்லிய சீவல் ஒன்றை எடை போட்டு, புகைக்கூண்டுக்குள் குளோரோஃபார்மில் இரண்டு நாள் ஊறவிட்டு, நன்றாக உலர்த்தி மறுபடி எடை போடு. குளோரோஃபார்ம் பிசிஎல்லைக் கரைக்கும், இறுகிய எபாக்ஸியைக் கரைக்காது. நீ போட்ட பிசிஎல் அளவு முழுவதும் குறைந்திருந்தால் வழி தொடர்ச்சியாக இருக்கிறது. பாதிதான் குறைந்ததென்றால் மீதி அடைபட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இனி எனக்கு உறுத்துகிற விஷயம். இதைத் தோல் தொழிற்சாலையின் சுண்ணாம்புத் தொட்டிக்கு உட்பூச்சாகப் போடப்போவதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். வேண்டாம் குமரா. பிசிஎல் ஒரு பாலியெஸ்டர். சுண்ணாம்பு நீர் பிஎச் 12-க்கு மேல், அந்தக் காரம் பிசிஎல் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை அறுக்கும். துளி அமைப்பாக இருந்தால் மேற்பரப்பில் உள்ளது மட்டும் போகும். நீ பாடுபட்டு உண்டாக்கும் தொடர்ச்சியான வழியில் காரமும் சுவரின் ஆழம்வரை நடந்துபோகும். பழுதை ஆற்றுகிற பாதையே அரிக்கிற பாதையாகிவிடும். தொட்டியின் சுவரை 190 டிகிரிக்குச் சூடேற்ற யாரால் முடியும்? வெளிப்பக்கம் நம்மூர் மே மாத வெயில் வேறு. 60-க்கு அருகில் போனாலே பிசிஎல் காரை தளர ஆரம்பிக்கும்.

உனக்கு அந்த வேலைதான் வேண்டுமென்றால் வேறு வழி பார்ப்போம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2007-இல், எபாக்ஸியோடு பிரியாமல் ஒரே சீராகக் கலக்கும் பிஸ்பீனால்-ஏ–எபிகுளோரோஹைட்ரின் என்ற, சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கைச் சேர்த்து விரிசலை ஆற்றினார்கள். அதன் சங்கிலியைக் கோப்பது ஈதர் பிணைப்பு, எஸ்டர் இல்லை, காரத்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது. ஆனால் அதில் கசிவு கிடையாது. சங்கிலிகள் மெல்ல ஊர்ந்து விரிசலைக் கடக்க வேண்டும், அதற்கும் நூறு டிகிரிக்கு மேல் சூடு கேட்கும். பூச்சைப் பெயர்த்தெடுக்கும் பலகைகளாகச் செய்தால் அந்தச் சூட்டை ஓவனில் கொடுக்கலாம். யோசி.

அதுவரை, விரிசல் ஒட்டிய தட்டிலிருந்து இரண்டு கீற்று வெட்டி உன் தொட்டி நீரிலேயே போட்டு வை. வாரம் ஒருமுறை கழுவி உலர்த்தி எடை எழுது. அந்த எடைகள் என் கைக்கு வரும்வரை முதலாளியிடம் எந்த வாக்கும் கொடுக்காதே. அடுத்த மாதம் தாளோடு வா. வரும்போது பாலம் தாண்டி ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொள், செல்விக்கும் சேர்த்து.

அன்புடன்,
மூர்த்தி