முதல் வாரமே மோதவிடாதீர்கள், மாஸ்டர்

எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) கற்றுத்தரும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். முப்பத்தாறு வயதில், தொப்பை குறையட்டுமே என்று ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவன் எழுதுகிறேன். மூன்றாம் நாளே, இரண்டு வருடம் பழகிய ஒரு தம்பியோடு என்னை ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், இறக்கிவிட்டார்கள். "பயம் போகணும்" என்றார் மாஸ்டர். பயம் போகவில்லை, விலா எலும்புதான் போனது. ஆறு வாரம் தும்மக்கூடப் பயந்துகொண்டு கிடந்தேன். அந்தத் தம்பி மேல் தப்பில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி முட்டினேன். அவன் தனக்குத் தெரிந்த வழியில் அடக்கினான்.

குணமானதும் வேறு இடத்தில் சேர்ந்தேன். அங்கே முதல் வகுப்பில் ஒரு குத்துகூடச் சொல்லித்தரவில்லை. விழத்தான் சொல்லித்தந்தார்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே, தரையில் விரித்த மேட்டை (mat) உள்ளங்கையால் அறை. அப்புறம் டேப் (tap), அதாவது 'விட்டுவிடு, தோற்றேன்' என்று தட்டிக் காட்டுவது. எதிராளியின் உடம்பில் தட்டு, கை இரண்டும் மாட்டிக்கொண்டால் வாயால் சொல். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எப்போது தட்டுவது என்பதுதான் புதியவனுக்குத் தெரியாது. கையை நீட்டிப் பிடித்து மடக்கும் ஆர்ம்பாரில் முழங்கை முன்கூட்டியே வலித்து எச்சரிக்கும். ஹீல் ஹுக் என்ற கால் பிடியில் அப்படியில்லை. குதிகாலைத் திருகும்போது, பெரிய வலி தெரிவதற்குள் முட்டியின் தசைநார் கிழிந்துவிடலாம். கழுத்து நெரிப்பு சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். வலிக்கட்டும், அப்போது தட்டலாம் என்று இருப்பவன் கதி என்ன? யாராவது சொன்னால்தானே தெரியும்!

இன்னொன்று, தட்டுவதற்கு வெட்கம். 1993இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (பெரிய எம்எம்ஏ போட்டித் தொடர்) நிகழ்வில் ராய்ஸ் கிரேசியின் பிடியில் கென் ஷாம்ராக் தட்டினார். ரெஃப்ரி அதைக் கவனிக்காமல் தொடரச் சொன்னார். தட்டியது உண்மைதான் என்று ஷாம்ராக்கே ஒப்புக்கொண்டு தோல்வியை ஏற்றார். இதைப் புதுப் பசங்களிடம் சொல்லிப் பாருங்கள், வெட்கம் பாதி குறையும்.

நகம் வெட்டுவது, மவுத்கார்டு, படர்தாமரை இருந்தால் மேட்டில் ஏறாமலிருப்பது எல்லாம் சுவரில் ஒட்டினாலே போதும். கிளவுஸ் பற்றி மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள். டிவியில் பார்த்துவிட்டு 4 அவுன்ஸ் கிளவுஸ் வாங்கி வருகிறார்கள். அது போட்டிக்கானது, குத்து ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் வேண்டும். நான் செய்த முதல் தண்டச் செலவு அதுதான்.

ஸ்பாரிங்கே கூடாது என்று சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்கிறேன். ஒருவர் கீழே, ஒருவர் மேலே, கீழிருப்பவர் தப்பித்து எழவேண்டும், குத்து கிடையாது என்று சின்னச் சின்னதாக ஆடவிடுங்கள். யுஎஃப்சி சாம்பியனாக இருந்த மேக்ஸ் ஹாலோவேயே ஸ்பாரிங் செய்யாமல் போட்டிக்குத் தயாராகியிருக்கிறார். தொப்பையைக் குறைக்க வந்தவனுக்கு என்ன அவசரம்?

கோடை விடுமுறை பேட்ச் தொடங்கப்போகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பசங்கள் கூட்டமாக வருவார்கள். வந்த அன்றே மோதிப்பார்க்கத் துடிப்பார்கள். பணம் கட்டியாயிற்றே என்று பெற்றோரும் கேட்பார்கள். நீங்கள்தான் முடியாது என்று சொல்லவேண்டும், மாஸ்டர்.

இப்படிக்கு,
இன்னும் வாரம் மூன்று நாள் மேட்டில் புரளும் ஒருவன்