பழைய போர் ரைபிள் வாங்கப் போகிறீர்களா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இங்கே அமெரிக்காவில் துப்பாக்கிக் கண்காட்சிகள் நடக்கும் மாதங்களில் எங்கள் கடைக் கைப்பேசி படங்களால் நிறைந்துவிடுகிறது. மேசைமேல் ஒரு பழைய ராணுவ ரைபிள், பக்கத்தில் விலைச் சீட்டு, கீழே ஒரே கேள்வி: "இது அசல்தானா, வாங்கலாமா?" வியாபாரி எதிரே நின்று அவசரப்படுத்தும் நேரத்தில் மங்கலான ஒரு படத்தைப் பார்த்துப் பதில் சொல்வது உங்களுக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை. எங்கள் மேசைக்கு வரும் ரைபிளில் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதை எழுதியே அனுப்பிவிடுகிறோம். கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

முதலில் ஒன்று. பாகங்கள் கலந்திருப்பதாலேயே ஒரு ரைபிள் போலி ஆகிவிடாது. அமெரிக்க ராணுவத்தின் எம்1 கேரண்ட் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அதைச் செய்தவை ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையும் வின்செஸ்டரும். 1950களில் ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சனும், டிராக்டர் செய்யும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்துகொண்டன. போர் முடிந்ததும் ராணுவப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் பிரித்துத் துடைத்து, கையில் கிடைத்த நல்ல பாகத்தைப் போட்டுத் திரும்பப் பூட்டினார்கள். 1942இல் செய்த ரிசீவரில், அதாவது குண்டை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடுகிற உடற்பகுதியில், 1950களின் குழல் இருந்தால் அது அந்தத் துப்பாக்கி உண்மையிலேயே வாழ்ந்த வாழ்க்கை. நியாயமான விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

அதே ரிசீவருக்கு 1942ஆம் வருடத்துப் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி மாட்டி, "தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்று விற்பதுதான் ஏமாற்று. இங்கே வியாபாரிகளின் பேச்சைக் கவனியுங்கள். விவரம் தெரிந்தவர் "கரெக்ட்" என்பார், "ஒரிஜினல்" என்று சொல்லமாட்டார். பாகங்கள் அந்தக் காலத்தவை, ஆனால் பிறகு சேர்த்தவை என்பதே அதன் பொருள். அது பொய் இல்லை. கேட்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் திருத்தாமல் விடுவதுதான் பொய். இன்னொருவர் கேரண்டைக் காட்டி "எல்லா நம்பரும் மேட்ச் ஆகும்" என்பார். கேரண்டில் தொடர் எண் இருப்பது ரிசீவரில் மட்டுமே. மற்ற பாகங்களில் இருப்பவை அந்தந்தப் பாகத்தின் வடிவமைப்பு வரைபடத்து எண்கள். பொருந்துவதற்கு அங்கே இன்னொரு நம்பரே இல்லை. இதைச் சொல்லும் கடையில் வேறு எதையும் விசாரிக்காமல் நகர்ந்துவிடலாம்.

துப்பாக்கியின் மரக் கட்டையில் இருக்கும் பரிசோதகர் முத்திரைக்கும் இதே எச்சரிக்கை. அந்த முத்திரைக் குத்திகளே இப்போது புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இரும்பு மேலே தூக்கி, மரம் தாழ்ந்திருந்தால் கட்டையை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த கட்டையில் முத்திரை மட்டும் எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருந்தால், தேய்த்த பிறகு குத்தியது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜெர்மன் மௌசர் 98கே விஷயம் வேறு. அதில் போல்ட் உட்படப் பல பாகங்களில் தொடர் எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ உண்டு. பொருந்தினால் விலை ஏறும், எனவே பொருத்துவதற்கு ஆள் இருக்கிறது. சோவியத் படை கைப்பற்றிய மௌசர்களைப் பிரித்துக் கலந்து, புதுக் கறுப்புப் பூச்சுக் கொடுத்துக் கிடங்கில் போட்டது. அவை பெருமளவில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சோவியத் பட்டறைகள் மின்பேனாவால் கீறிய எண்ணைத் தேய்த்தழித்து ஜெர்மன் முத்திரை போலக் குத்துபவர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே இலக்கம் ரிசீவரிலும் போல்ட்டிலும் ஒரே வடிவில் இருக்கிறதா, எண்ணைச் சுற்றியுள்ள இரும்பு பள்ளமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

அதிகம் பணம் போவது ஸ்னைப்பர் ரைபிள்களில். அமெரிக்க ஸ்னைப்பர் ரைபிளான எம்1903ஏ4ஐச் (சுருக்கமாக ஏ4) செய்தது ரெமிங்டன் மட்டுமே, 1943-44இல். ஸ்மித்-கொரோனா பெயருள்ள ரிசீவரோடு ஒருவர் ஏ4 காட்டினால் பேச்சுக்கே இடமில்லை. அப்புறம் ரெமிங்டன் ரிசீவரிலும் எழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொலைநோக்கி இல்லாத சாதாரண எம்1903ஏ3இல் பெயரும் எண்ணும் உச்சியில் நடுவே இருக்கும். ஏ4இல் தொலைநோக்கி மேடை மறைக்காதபடி இரண்டாகப் பிரித்து, பெயரும் மாடலும் ஒரு பக்கம், தொடர் எண் மறுபக்கம் என்று குத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அசல் ஏ4இலும் "03-ஏ3" என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல துப்பாக்கியை விட்டு வந்தவர்களும் உண்டு. ஏ4இல் குழல் நுனியில் குறிபார்க்கும் முன்குறியும் இருக்காது, தொழிற்சாலையே போடவில்லை.

பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிளின் ஸ்னைப்பர் வடிவமான டி ரகத்தைப் பெரும்பாலும் பர்மிங்காமின் பிஎஸ்ஏ தொழிற்சாலையில் தேர்ந்தெடுத்து, லண்டன் ஹாலண்ட் அண்டு ஹாலண்டில் மாற்றியமைத்தார்கள். ரிசீவரின் இடப்பக்கம் "டி", கட்டையின் அடியில் "எஸ்51", கைப்பிடிக் கழுத்தில் தொலைநோக்கியின் எண், தொலைநோக்கித் தாங்கியில் ரைபிளின் எண். நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி. கழுத்து எண்ணைக் கோடிட்டு நீக்கி, அருகில் வேறு எண் இருந்தால் பதற வேண்டாம், சேவையிலேயே தொலைநோக்கியை மாற்றியிருப்பார்கள். ரைபிள் அசல், தொலைநோக்கி வேறு என்ற நிலையும் சகஜம். அதை அப்படியே சொல்லி, அந்த விலைக்கு விற்றால் சரி.

நம் ஊரிலிருந்து போன ஒரு துப்பாக்கியும் இந்தக் கதையில் இருக்கிறது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்த 7.62 மி.மீ. 2ஏ1 ரைபிள்கள் பிற்பாடு அமெரிக்காவுக்கு இறக்குமதியாயின. அவற்றில் சிலவற்றை இங்கே குழலை வெட்டி, நுனியில் கூம்பு மாட்டி, "ஜங்கிள் கார்பைன்" (காட்டுச் சண்டைக்கான குட்டை ரைபிள்) என்று விற்றார்கள். அப்படி விற்றபோது அது இன்னதென்று தெரிந்தே விற்றார்கள், தெரிந்தே வாங்கினார்கள். இரண்டு மூன்று கை மாறியபின் அதுவே "பர்மாக் காட்டில் சண்டை போட்டது" ஆகிவிடுகிறது. அசல் ஜங்கிள் கார்பைன் என்பது பிரிட்டன் 1944 முதல் 1947 வரை செய்த நம்பர் 5. அதன் பின்குறி ரிசீவரின் பின்கோடியில், கண்ணுக்கு அருகே, 800 கஜம் வரை அளவிட்டிருக்கும். 2ஏ1இல் பின்குறி குழலின் மேல் முன்னே நிற்கும். ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நம்பர் 4ஐ வெட்டிச் செய்த போலி இன்னும் கொஞ்சம் கடினம், ஏனென்றால் பின்குறி இடம் ஒன்றே. அங்கே போல்ட் கைப்பிடிக் குமிழைப் பாருங்கள், நம்பர் 5இல் எடை குறைக்கக் குடைந்திருப்பார்கள். குழலின் அடிப்பகுதியில் கைக்காப்பு மரத்துக்கு உள்ளேயும் அப்படியே கடைந்திருக்கும். மரத்தைக் கழற்றிக் காட்ட வியாபாரி மறுத்தால் வாங்காமல் வீடு திரும்புங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் எம்1 கார்பைன்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பத்து நிறுவனங்கள், ஏறத்தாழ 60 லட்சம் துப்பாக்கிகள். பாராசூட் படைக்கான மடிப்புக் கட்டை எம்1ஏ1ஐச் செய்தது இன்லேண்ட் நிறுவனம் மட்டும், சுமார் 1,40,000. ரிசீவரில் அதற்கெனத் தனி அடையாளம் எதுவும் இல்லை, எல்லாம் கட்டையில்தான், புதுக்கட்டையோ சந்தையில் தாராளம். அந்தப் பத்தில் ஒன்றான ஐபிஎம் செய்த கார்பைனில் மடிப்புக் கட்டை இருந்தால் பிறகு மாட்டியது என்றே விலை பேசுங்கள்.

இனி கதைகள். "தாத்தா 1945இல் கொண்டுவந்தது" என்றால் குழலின் நுனிப் பக்கம் பாருங்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இறக்குமதியாளர் தன் பெயரைக் குத்தியாக வேண்டும். அந்தப் பெயர் இருந்தால் தாத்தா கொண்டுவரவில்லை. அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தாலும் சந்தேகப்படுங்கள். படைவீரர் கொண்டுவர அனுமதித்த பழைய சான்றிதழைக் காட்டினால், அதில் இந்தத் துப்பாக்கியின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத தாள், அவர் ஏதோ ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார் என்பதை மட்டுமே சொல்லும். கேரண்டின் ஸ்னைப்பர் ரகமான எம்1டி போன்றவற்றுக்குத் தாள் மிக முக்கியம். அதில் மாற்றமெல்லாம் குழலிலேயே நடந்ததால் ரிசீவரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ராணுவத்தின் பழைய ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு விற்றபோது எண்ணோடு கொடுத்த தாள் இருந்தால் மட்டும் எம்1டி விலை கொடுங்கள்.

எந்தக் கடையில் வாங்கினாலும், வாயால் சொன்னதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "அசல் எம்1903ஏ4" என்று எழுதித் தர மனமில்லாதவர் அந்த விலையைக் கேட்கக் கூடாது. எங்கள் பில்களில் இனி ஒவ்வொரு ரைபிளுக்கும் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: தொழிற்சாலை நிலை, ராணுவப் பட்டறையில் புதுப்பித்தது, பிற்காலத்தில் சேர்த்தது. எழுதியதற்கு மாறாக எதையாவது கண்டால் ஏழு நாளுக்குள் கொண்டுவாருங்கள், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.

வேறு இடத்தில் வாங்கியதையும் சனிக்கிழமைகளில் கட்டணமில்லாமல் பார்த்துத் தருகிறோம். குண்டுகளை வீட்டில் விட்டுவிட்டு, அறை காலி என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டைத் திறந்த நிலையில் உறையில் வைத்துக் கொண்டுவாருங்கள். முன்கூட்டி அழைத்தால் மேசை காலியாக வைத்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்