ஷீட்டில் கை வைக்காதே, மக்களே

குலசேகரம்

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டதால் ரப்பர் பால்வெட்டு மறுபடி தொடங்கியாச்சு.

லீவுக்கு வந்ததும் மாட்டுத் தொழுத்தின் மேல் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நீயே கிரைண்டர் வைத்து அறுத்து இறக்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம். ஒக்கிப் புயலில் உடைந்த ஓரத்தைப் போய்ப் பார்த்தேன். சிமெண்டுக்குள்ளிருந்து சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் நார் பிசிறு பிசிறாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அறுத்தால் அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூசியாக நெஞ்சுக்குள் போகும். நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் தூசியில் நோய் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. எனக்குப் பயம் உன் வேலைதான். பழைய கப்பல்களின் எஞ்சின் ரூமில் சூடு வெளியே போகாமலிருக்க பைப்பைச் சுற்றியிருக்கும் லாகிங் உறையைப் பிய்க்கிறாயே! கப்பலில் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் வைக்க முழுத்தடை வந்ததே 2011-ல்தான். அதற்கு முன் கட்டியது என்றால் சந்தேகப்படு. சோதித்துப் பார்த்தார்களா என்று ஃபோர்மேனிடம் கேள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இந்தத் தூசியால் வரும் மீசோதீலியோமா என்பது பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். தூசி உள்ளே போய் 20 வருடத்திலும் வரலாம், 50 வருடம் கழித்தும் வரலாம். நான் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தபோது நெஞ்சில் நீர் கோத்து வருகிறவர்களிடம் டிபி உண்டா, பீடி உண்டா என்று கேட்போம். இளவயதில் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டதாக நினைவில்லை. பிறகு இந்த நோய் கணக்கில் எப்படி வரும்? பிரிட்டன் 1999-லேயே தடை போட்டும், அங்கே இன்னும் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் இதில் சாகிறார்கள். எல்லாம் பழைய தூசி. நாமோ வெளிநாட்டு நாரை இறக்கி இன்னும் ஷீட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

துணி மாஸ்க் இதற்குப் போதாது. சரியான ஃபில்டர் மாஸ்க் கேட்டு வாங்கு. ஓவராலை ரூமுக்குக் கொண்டுபோகாதே. புருஷன் உடுப்பைத் துவைத்தே இந்த நோய் வந்த பெண்கள் உண்டு. உன் பெண்டாட்டியும் பிள்ளையும் அங்கே வரப்போகிறார்கள். அப்புறம் சிகரெட். மீசோதீலியோமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சரி. ஆனால் ஆஸ்பெஸ்டாஸோடு சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும். விட்டுவிடு.

எந்தக் கப்பலில், எந்த வருடம், என்ன வேலை பார்த்தாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. வயதான பிறகு மூச்சுமுட்டு என்று டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் நீயே எடுத்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா