ஏற்றுவதற்கு முன் என்ன கொடுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நோயாளர்களை யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றுவதில் ஏற்படும் தாமதம் பற்றிய தங்கள் செய்தியை வாசித்தேன். அம்புலன்ஸ் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் ஏற்றுவதற்கு முன் என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பதே பெரிய கேள்வி. கிருமித்தொற்று முற்றிக் குருதியமுக்கம் ஆபத்தாக விழும் ‘செப்டிக் ஷொக்’ நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும். சேலைனுக்கும் குருதியமுக்கம் ஏறாவிட்டால், குருதிக்குழாய்களைச் சுருக்கி அமுக்கத்தை உயர்த்தும் நோர்அட்ரினலின் மருந்து தேவை. கழுத்து நாளத்தில் குழாய் போடும்வரை காத்திராமல் கைநாளத்திலேயே அதைத் தொடங்கலாம் என்கிறது 2021ஆம் ஆண்டின் ‘சர்வைவிங் செப்சிஸ்’ சர்வதேச வழிகாட்டி.

கால் புண்ணில் தொடங்கிய தொற்றுடன் என் மாமியாரைக் கொண்டுவந்தபோது, அம்புலன்ஸ் கொக்கியில் இரண்டாவது சேலைன் பை வற்றிச் சுருங்கித் தொங்கியது. மேல் அமுக்கம் 70ஐத் தாண்டவில்லை. நுண்ணுயிர்க்கொல்லிகூட நகருக்கு வந்த பிறகுதான் ஏறியது. (பிழைத்துவிட்டார், கால் விரல்கள் இரண்டு போயின.) ஆதார வைத்தியசாலைகளில் இவ்விரு மருந்துகளும், கைநாளத்தில் ஏறும் மருந்து நாளத்துக்கு வெளியே கசிகிறதா என்று பார்க்கப் பழகிய தாதியரும் இரவிலும் இருப்பதை மாகாண சுகாதாரத் திணைக்களம் உறுதிசெய்ய வேண்டும்.

வாசகர்,
வடமராட்சி