மஞ்சள் நீர் கசிவது நிற்கும்வரை கட்டடம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு 2 லட்சம் டன்னுக்கும் மேல். அந்த நிலத்தில் மீண்டும் தொழில் வரட்டும். ஆனால் மேலே செம்மண் கொட்டிச் சமன்செய்வது தீர்வாகாது. கழிவிலுள்ள ஆறிணைத்திறக் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம், நீரில் எளிதில் கரையும். மழைக்குப் பின் தேங்கும் நீர் எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். ஈரம் ஏறிய சுவரின் அடியில் மஞ்சள் உப்பு பூக்கும்.

மண் பரிசோதனையில் மொத்தக் குரோமியம் மட்டும் போதாது, ஆறிணைத்திறத்தைத் தனியே அளக்க வேண்டும். மேல்மண்ணோடு நிற்காமல் நிலத்தடி நீர்மட்டம் வரை துளையிட வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டால் நச்சு குறையும் என்பது உண்மைதான். 1 கிலோ ஆறிணைத்திறக் குரோமியத்துக்கு ஏட்டுக்கணக்கில் 16 கிலோ. களத்தில் இன்னும் கூடும். ஆனால் இவ்வகைக் கழிவில் சுண்ணாம்பு அதிகம். அன்னபேதியின் இரும்பு, கழிவுக் கட்டியின் மேற்புறத்திலேயே படிந்துவிடும், உள்ளே இருப்பது பிறகு கசியும். அதைவிட மோசம், அன்னபேதியின் சல்பேட் சுண்ணாம்போடும் அலுமினாவோடும் சேர்ந்து உப்பி, மேலே போட்ட கான்கிரீட் தளத்தையே பிளக்கும். எனவே குவியலைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, மழைநீரை வடிகாலில் திருப்பி, கசிவு நீரை இறைத்து அதில் மட்டும் அன்னபேதி சேர்ப்பதே சரி.

மூடிய குவியலின் மேல், விரிப்பைத் துளைக்காமல் கான்கிரீட் பாரத்தில் நிற்கும் சூரிய மின்தகடுகள் வைக்கலாம். கிடங்குகள் சுத்தமென உறுதியான ஓரப் பகுதிக்கு. ஆழ்துளைக் கிணறு எங்குமே கூடாது.

இப்படிக்கு,
மண், நீர்ப் பரிசோதனைப் பணியாளர்கள் சிலர்,
வேலூர்.