214 கோடியில் நின்றுபோன ஸ்கோர்

அம்மணி,

போன வாரம் மஞ்சள் மண்டிக்கு வந்தபோது போனை நீட்டி, "மாமா, ஸ்கோர் இதுக்கு மேல நகரவே மாட்டேங்குது, போன் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாய். திரையில் 2147483647. ஏல நேரம், சரியாகப் பதில் சொல்லவில்லை.

போன் கெடவில்லை. அந்த விளையாட்டை எழுதியவர் ஸ்கோருக்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 கட்டம் ஒதுக்கியிருப்பார். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 இடத்திலும் 1 நிரம்பினால் இந்த எண், அதாவது 2இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. மேலே ஏற இடமில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது வேறு. இது ஒரு பகா எண். இத்தனை மூட்டையை இறக்கி, ஒவ்வொன்றாகவோ எல்லாவற்றையும் ஒரே வரிசையாகவோ வைக்காமல், வரிசைக்கு எத்தனை வைத்து அடுக்கினாலும் கடைசி வரிசை மூளியாகத்தான் நிற்கும்.

இது பகா எண் என்பதை 1772இல் கணித மேதை ஆய்லர் ஒரு கடிதத்தில் எழுதினார். கம்ப்யூட்டர் கிடையாது, கண்பார்வையும் ஏறக்குறையப் போய்விட்டது. ஒரு எண்ணுக்குக் காரணிகள் இருந்தால் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருக்கும்; இதன் வர்க்கமூலம் 46,340ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களே 4,700க்கு மேல். எல்லாவற்றாலும் வகுத்துக்கொண்டிருக்க அவர் என்ன முட்டாளா?

சின்ன எண்ணில் பார். 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. 11 பகா எண், அதனால் 2047உம் பகா எண் என்று காலேஜில் எழுதி நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது 23 × 89. அந்த இரண்டையும் கவனி: 22 + 1, 88 + 1. இரண்டுமே 22இன் மடங்கோடு ஒன்று. தற்செயல் இல்லை. பகாக் காரணி p என்றால், 2இன் 11ஆம் அடுக்கை அதால் வகுத்தால் மீதி 1. ஃபெர்மா என்ற கணிதவியலாளர் சொன்னபடி 2இன் p−1ஆம் அடுக்குக்கும் மீதி 1. 11 பகா எண் என்பதால் அது p−1ஐ வகுத்தே ஆக வேண்டும். p ஒற்றைப்படை, p−1 இரட்டைப்படை, ஆகவே 22ஆலும் வகுபடும்.

31க்கு அதுவே 62. கூடவே, காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும் என்று இன்னொரு சல்லடை. இரண்டிலும் சலித்தால் தங்குவது சுமார் 370 எண்கள்தான். ஒன்றுகூட வகுக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த விடையைவிட இப்படிச் சலித்தெடுத்த விதம்தான் அழகு.

அப்புறம், 1970 தொடக்கத்திலிருந்து வினாடிகளை இதே 31 இடத்தில் எண்ணும் பழைய கம்ப்யூட்டர்கள் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு உன் ஸ்கோர் மாதிரியே முட்டும். தை மாதம், புது மஞ்சள் வரும் சமயம். மண்டிக் கம்ப்யூட்டரை அதற்குள் மாற்றிவிட வேண்டும்.

சரி, உனக்கு ஒன்று. 2இன் 23ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 83,88,607. இது பகா எண் இல்லை. 46இன் மடங்கோடு ஒன்று கூட்டித் தேடு. ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்காது.

உன் மாமா,
ஈரோடு